மழைக்காலத்தில் முடி ஏன் சிலிர்த்துக்கொள்கிறது?

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஒரே புலம்பல்தான்: "எவ்வளவு படிய வாரினாலும் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் முடி பறக்க ஆரம்பிச்சுடுது." கோயம்புத்தூரில் படிந்து கிடந்த முடி, சென்னை சென்ட்ரலில் இறங்கியதும் சிலிர்த்துக்கொள்கிறது. தண்ணீர் சரியில்லை, ஷாம்பு சரியில்லை, உடம்புச் சூடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடுத்த வாரம் புது எண்ணெயும் புது சீரமும் வீட்டுக்கு வந்துவிடும். முடி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

முடி என்பது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். முழுக்க நனைந்த முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை ஏற்றுக்கொள்ளும்; கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் நீளும். இந்தக் குணத்தை நம்பித்தான் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் 1783-இல் காற்றின் ஈரப்பதத்தை அளக்க ஒரு கருவி செய்தார். அதன் முக்கிய உறுப்பே ஒரு மனிதத் தலைமுடிதான்.

நாம் வாரி, உலர்த்தி வைத்த வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் உள்ளே புகுந்ததும் அவை அவிழ்ந்து வேறு இடத்தில் பிணைந்துகொள்கின்றன. முடி தன் இயல்பான வளைவுக்குத் திரும்பிவிடுகிறது. பக்கத்து முடிகளோடு சேர்ந்து ஒரே பக்கம் சாயாமல், ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுந்து நிற்கிறது. இது நோயல்ல, அழுக்கல்ல, பராமரிப்பில் நீங்கள் வைத்த குறையும் அல்ல.

அப்படியானால் ஒரே வீட்டில் ஒருத்தியின் முடி மட்டும் கூடுதலாகப் பறப்பது ஏன்? சீப்பில் சிக்கிய முடி ஒன்றை எடுத்து, ஒரு நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகை விரல்களால் உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்குப் போகும்போது வழவழவென்று இருக்கும். நுனியிலிருந்து வேருக்கு வந்தால் லேசாகத் தடுக்கும். முடியின் மேல்தோல் மீன் செதில் போல அடுக்கடுக்காக, நுனி நோக்கிப் படிந்திருப்பதுதான் காரணம். செதில்கள் ஒழுங்காகப் படிந்திருந்தால் ஈரம் மெதுவாகப் புகும். பெயர்ந்தும் தேய்ந்தும் போயிருந்தால் தாராளமாகப் புகும். ப்ளீச், ஹேர் டை, சூடான அயர்ன் இதைச் செய்யும் என்பது பலருக்கும் தெரியும். தினசரிப் பழக்கமும் இதையே செய்கிறது என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முக்கியமாகத் துவட்டும் விதம். நனைந்த முடி உப்பி, பலவீனமாக இருக்கும் நேரம் அது. அப்போது தடித்த டர்க்கி டவலால் பரபரவென்று தேய்ப்பதும், குனிந்து நின்று துண்டால் முடியைப் பட்பட்டென்று அடிப்பதும் செதில்களைக் கிளப்பிவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியோ, மெல்லிய ஈரிழைத் துண்டோ போதும். முடியை அதில் பொதிந்து, கையால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்க்கவே வேண்டாம். பைசா செலவில்லாத இந்த ஒரு மாற்றம், எந்த சீரத்தையும்விட முதலில் செய்ய வேண்டியது.

அடுத்து எண்ணெய். முடி பறக்கிறதென்று குளித்த பின் கை நிறைய எண்ணெயை வழித்துப் பூசுகிறோம். அது கொஞ்ச நேரம் படிய வைக்கும். பிறகு தூசியைச் சேர்க்கும். அடுத்த நாளே மறுபடி ஷாம்பு கேட்கும். தேங்காய் எண்ணெயின் உண்மையான பயன் குளிப்பதற்கு முன்புதான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. எண்ணெய் வைத்து ஊறிய பிறகு தலை குளிக்கும் நம் வீட்டு வழக்கம் சரியான வழக்கம். குளித்த பின் வேண்டுமானால் இரண்டு மூன்று சொட்டு, அதுவும் நுனியில் மட்டும்.

உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அதன் காரத்தன்மை செதில்களை விரிக்கும். போர்த் தண்ணீரோடு சேர்ந்தால் முடியில் படிவாகவும் ஒட்டும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர்களில் பல போர்க் கிணறுகளின் தண்ணீர் அதைத் தாண்டியது. கடைசியாக அலசும் ஒரு சொம்பை மட்டும் நல்ல தண்ணீராகவோ, சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீராகவோ வைத்துக்கொள்ளலாம். சீயக்காய் நல்லதுதான், ஆனால் நைஸாகச் சலித்திருக்க வேண்டும். கொரகொரப்பான தூளைத் தேய்ப்பதும் உராய்வுதான்.

கண்டிஷனரைப் பணக்காரப் பழக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஷாம்பு போட்ட முடியில் எதிர் மின்னூட்டம் இருக்கும். கண்டிஷனரிலுள்ள நேர் மின்னூட்டப் பொருள்கள் அதில் ஒட்டி, செதில்களைப் படிய வைத்து உராய்வைக் குறைக்கின்றன. விலை குறைந்ததும் இந்த வேலையைச் செய்யும். மண்டையில் பூசாமல், காதுக்குக் கீழுள்ள முடியில் தடவி அலசுங்கள். ஒரு எச்சரிக்கை: கிளிசரின் அதிகமுள்ள க்ரீம்கள் ஈரத்தை இழுப்பவை. அடைமழை நாளில் அவை முடியை இன்னும் உப்ப வைக்கலாம்.

பார்லரில் செய்யும் ஸ்மூத்தனிங், கெராட்டின் ட்ரீட்மென்ட் பற்றி என் கருத்து கடுமையானது. இவற்றில் சில, சூடேறும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த க்ளையாக்ஸிலிக் அமிலத்தால் முடியை நேராக்கிக்கொண்ட சில பெண்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை இஸ்ரேல், பிரான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மழைக்கால ஈரத்துக்குப் பயந்து இந்த அபாயத்தை ஏற்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். இன்னொன்று: முடி திடீரென வறண்டு, கூடவே அசதியும் எடை ஏற்றமும் இருந்தால் மட்டும் எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காமல் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.

கடைசியாகச் சுருட்டை முடிக்காரர்கள். தலையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால் அந்த முடி இயல்பிலேயே வறண்டது. காய்ந்த பின் அதை வாரினால் சுருள்கள் பிரிந்து புதராக எழும். பரட்டை என்று நாம் பெயர் வைத்த தலைகளில் பல, காய்ந்த நிலையில் வாரப்பட்ட சுருட்டை முடிகள்தான். கண்டிஷனர் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மெல்லச் சிக்கெடுத்து, அப்படியே உலர விட வேண்டும். சுருட்டை முடியுள்ள பெண் குழந்தைகளின் அம்மாக்களுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: காலை அவசரத்தில் காய்ந்த முடியை இழுத்து வாராதீர்கள், முதல் நாள் இரவே ஈரத்தில் சிக்கெடுத்துப் பின்னி விடுங்கள், அந்தப் பிள்ளையைப் பரட்டை என்று கூப்பிடாதீர்கள்.