கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளை எங்கே?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களைத் திகன முழுக்கப் பகிர்கிறோம். கணிதத்தில் டபிள்யூ வந்தவனிடம் மட்டும் "உனக்குப் படிப்பு சரிவராது, கடைக்குப் போ" என்கிறோம்.

அவனுக்கு மூளை குறைவில்லை. ஏழாம், எட்டாம் தரத்தில் விளங்காமல் விட்ட பின்னமும் கழித்தல் குறியும்தான் பதினோராம் தரத்தில் சமன்பாடாக வந்து கழுத்தைப் பிடிக்கின்றன. பாடத்திட்டத்தை முடிக்க ஓடிய ஆசிரியர்கள் நாங்களும் இதற்குப் பொறுப்பு. சித்திக்குத் தேவை 35 புள்ளிதான்.

அல்ஜிப்ராவுக்குப் பெயர் தந்தது அல்-குவாரிஸ்மியின் நூல் என்று மேடையில் பெருமை பேசுகிறோமே! பரிசளிப்பு விழாச் செலவில் பாதியை இரண்டாம் முறை எழுதுபவர்களின் வகுப்புக்குத் தாருங்கள். மஃரிபுக்குப் பிறகு மத்ரஸா மண்டபம் சும்மாதானே கிடக்கிறது? பெண் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை வைப்போம். படிப்பிக்க நாங்கள் வருகிறோம், சம்பளம் வேண்டாம்.