கஷ்டம் அம்மாளுக்கு, கையெழுத்து அப்பனுக்கா?

பிள்ளைகளின் படிப்பில் தாய்மார்களுக்கு அக்கறையில்லை என்று பள்ளிக்கூடத்தார் குறை கூறுவதும், பள்ளிக்கூடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று வீட்டு ஆண்கள் அதட்டுவதும் நமது நாட்டில் ஒரே சமயத்தில் நடந்து வருகின்றன. இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றினாலும் ஒரே மரத்துக் காய்களேயாகும். அம்மரத்திற்கு ஆண் ஆதிக்கம் என்று பெயர்.

பிள்ளையை விடியற்காலையில் எழுப்புவது யார்? தலைவாரிச் சோறு கட்டிக் கொடுப்பது யார்? காய்ச்சல் வந்தால் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் தங்குவது யார்? தாய். ஆனால், எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த வகுப்போடு நிறுத்துவது என்று தீர்மானிப்பது யார்? தகப்பன். பையன் தேறினால் அப்பன் பேரைக் காப்பாற்றினான் என்பதும், தவறினால் தாய் வளர்த்த லட்சணம் என்பதும் ஊர் வழக்கம். லாபமெல்லாம் ஒருவனுக்கு, நஷ்டமெல்லாம் ஒருத்திக்கு என்னும் இப்படிப்பட்ட கூட்டு வியாபாரம் வேறெங்காவது உண்டா என்று கேட்கின்றோம்.

இவ்வழக்கம் வீட்டோடு நிற்காமல் சட்டத்திலும் ஏறி உட்கார்ந்து கொண்டது. 1956-ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டம், மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் "பிறகு" தாய் என்று எழுதி வைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பேரில் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்தைக் கொண்டு வா என்று ரிசர்வ் வங்கி சொல்லிற்று. அவர் வழக்காடியதன் பேரில், "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்றுதான் அர்த்தமல்ல, அவன் கவனியாதிருக்கும் காலத்திலும் தாய் காப்பாளராகலாம் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெற்றவளுக்கு இவ்வளவேனும் கிடைக்க, சுதந்திரம் வந்து 52 வருஷம் ஆயிற்று!

நிற்க, 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவும், குழுவில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறதென்று பார்ப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இக்குழுவின் வேலை. சட்டம் நாற்காலியைப் போட்டாயிற்று. ஆனால் பெண்சாதி பேரில் இருக்கும் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்து பேசுவதும், நோட்டுப் புஸ்தகம் வீட்டுக்கு வந்து அவளிடம் கையெழுத்து மாத்திரம் வாங்கிக்கொண்டு போவதும் என்ன யோக்கியதை?

1982-ல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது முதல் பள்ளிக்கூட அடுப்படியில் பெண்கள் நிற்பதை எந்த ஆணும் ஆட்சேபிக்கவில்லை. அடுப்புக்கு வரலாம், ஆலோசனைக்கு வரக்கூடாது என்பதுதான் இவர்கள் ஒழுக்கம் போலும்!

அவளுக்கு எழுத்துத் தெரியாதே என்பார்கள். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் 100-க்குச் சுமார் 87 பேர், பெண்களில் சுமார் 73 பேர். அவளைப் படிக்க விடாமல் தடுத்தவர்களே படிக்காதவள் என்று தள்ளுவது, கண்ணைக் கட்டிவிட்டு வழி தெரியவில்லையே என்று ஏசுவதாகும். மேலும், வாத்தியார் நேரத்துக்கு வருகிறாரா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவு இருக்கிறதா என்று பார்க்க என்ன இலக்கணம் படித்திருக்க வேண்டும்?

தாயே பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொல்லுகிறாளே என்றும் சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். சிறையில் பிறந்து வளர்ந்தவள், சுவரைப் பாதுகாப்பு என்று நினைப்பதில் ஆச்சரியமென்ன? அதனால்தான் அவளை வெளியே அழைக்க வேண்டுமென்கிறோம்.

இதில் முக்கியமானது என்னவென்றால், கட்டாயக் கல்விச் சட்டத்தின் கை 14 வயதோடு நின்று விடுகிறது. பெண்ணின் கலியாண வயதோ 18. நடுவிலுள்ள நாலு வருஷத்தில் பெண் படிப்பாளா, அடுப்படிக்குப் போவாளா என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் "என் மகள் படிக்கட்டும்" என்று ஒருத்தி வாய் திறக்க வேண்டுமானால், அதற்கு முன் பத்து வருஷம் அவள் பேச்சைப் பள்ளிக்கூடமாவது கேட்டுப் பழகியிருக்க வேண்டும். பேச்சே கேட்கப்படாதவள் அன்றைக்கு மாத்திரம் எப்படிப் பேசுவாள்?

ஆகவே உபாத்தியாயர்களுக்குச் சொல்லுகிறோம்: கூலிக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுத் தாய்மார் வரவில்லை என்று சொல்லாதீர்கள். பொழுது சாய்ந்த பின் வையுங்கள். வேண்டுமானால் அவர்கள் தெருவிலேயே வையுங்கள். கணக்கை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "இன்னார் சம்சாரம்" என்று கூப்பிடாமல் அவர்கள் பேரைச் சொல்லி அழையுங்கள். மதிப்பெண் சீட்டில் தாயின் கையெழுத்தையும், கையெழுத்துத் தெரியாவிட்டால் கைநாட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மேடையில் பெண் விடுதலை பேசும் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். பள்ளிக் கூட்டத்தன்று உங்கள் வீட்டு உலையை நீங்கள் வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். அதைச் செய்யாமல் தாய்மாரைப் பள்ளிக்கு அழைப்பது, அவர்கள் தலைச்சுமையின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதேயாகும். உலை வைக்கத் துணியாதவன் பெண் விடுதலையைப் பற்றிப் பேசுவது வெறும் வாய்ப் பந்தல் என்பதே நமது அபிப்பிராயம்.