அணைந்த சரமும் அடைத்த துருசும்

திருவிழாக் காலம் வந்தால் கோயில் வாசலிலும் வீட்டு முற்றத்திலும் சிறு மின்குமிழ்ச் சரங்கள் ஒளிரத் தொடங்கிவிடும். அவற்றுள் ஒரு குமிழ் பழுதானால் சரம் முழுவதும் இருண்டுபோவதுண்டு. உடனே ஒருவர் ஏணியில் ஏறி, "சரந்தான் அணைந்துவிட்டதே, இனி என்ன பயம்?" என்று குமிழைக் கழற்ற முற்படுவார். பயப்பட வேண்டிய வேளை அதுவே என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விசுவமடுக் குளத்தை நினைத்துக்கொள்வோம். துருசு திறந்திருக்கையில் நீர் வாய்க்கால் வழியே படிப்படியாக இறங்கி வயலை அடைகிறது. குளத்து நீர்மட்டத்தின் உயரம் வழிநெடுகச் சிறிது சிறிதாகச் செலவாகிறது. துருசை அடைத்துவிட்டால் வாய்க்கால் வறண்டுபோகும். ஆயினும் நீரின் அழுத்தம் அற்றுப்போவதில்லை. அது முழுவதும் துருசுக் கதவின்மேல் நிற்கும்.

மின்சரமும் இத்தகையதே. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு. ஒரே வகையான 40 குமிழ்களைத் தொடராகக் கோத்தால், எல்லாவற்றினூடும் ஒரே மின்னோட்டமே செல்லும். அழுத்தமோ அவற்றிடையே பங்கிடப்படும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே முக்கால் வோல்ட்டு கிடைக்கும். தடை கூடியதற்குக் கூடிய பங்கு, குறைந்ததற்குக் குறைந்த பங்கு. யாவற்றையும் கூட்டினால் 230 வரவேண்டும். இந்த விதியை 1845ஆம் ஆண்டில், மாணவராயிருக்கையிலேயே வகுத்தவர் குஸ்தாவ் கேர்ச்சோவ் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

ஒரு குமிழின் இழை அறுந்தால் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டம் இல்லையேல் ஏனைய 39 குமிழ்களும் தத்தம் பங்கை எடுப்பதில்லை. ஆகவே 230 வோல்ட்டும் அறுந்த அச்சிறு இடைவெளியிலே வந்து நிற்கும். அவ்விடைவெளியின் இருபுறத்தையும் விரல்கள் தொட்டால், உடலும் சரத்தில் ஒரு குமிழ்போல ஆகிவிடும். உடலின் தடை பெரிதாகையால் அழுத்தத்தின் பெரும்பங்கு உடலுக்கே விழும்.

1990களில் மின்சாரம் இல்லாத வன்னியில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிடையே பலர் உளர். அந்த ஆறு வோல்ட்டுக் கம்பிகளை வெறுங்கையால் முறுக்கியும் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை. சரத்திலுள்ள குமிழும் ஏறக்குறைய அதே ஆறு வோல்ட்டுக் குமிழ்தான். அந்த ஒற்றுமையே ஏமாற்றிவிடுகிறது. குமிழ் சிறிது, அதன் பின்னால் நிற்கும் அழுத்தம் சிறிதன்று.

பழுதான குமிழை நீக்கிவிட்டுக் கம்பி முனைகளை முறுக்கி இணைப்பதும் நன்றன்று. இவ்வாறே பத்துக் குமிழ்களை நீக்கினால், எஞ்சிய முப்பதுக்கும் தலைக்கு ஏழரை வோல்ட்டுக்கு மேல் விழும்; நல்லனவும் விரைவில் கருகும்.

ஆதலால் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுக. பின்னரே ஏணியில் ஏறுக. சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. தவறான கம்பியில் சுவிட்சு பொருத்தப்பட்டிருப்பின், அணைத்த பின்னும் சரத்தில் மின்சாரம் நிற்கும். வாய்க்கால் வறண்டிருப்பதைக் கண்டு குளமும் வற்றிவிட்டதென்று கமக்காரர் எவரும் எண்ணமாட்டார். மின்சரத்தினிடத்தும் அந்த அறிவே நமக்கு வேண்டும்.