மனப்பதற்றச் சிகிச்சை தா.பழூர் வரை வரவேண்டும்

மனப்பதற்றம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் மருத்துவமனைக்கு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை கால் வேர்த்துக் கொட்டுகிறது, இரவில் தூக்கம் இல்லை என்று வருவோருக்கு ஈசிஜி எடுத்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால், ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அதைப் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். சிலர் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் பழகி, பிறகு அதை விட முடியாமல் தவிக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை எட்டவே இல்லை.

இந்தத் துன்பத்துக்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவற்றில் முதன்மையானது. படபடப்பு வந்ததும் ‘மாரடைப்பு வந்துவிட்டது’ என்ற எண்ணம் எழுகிறது. எண்ணம் பயத்தைக் கூட்டுகிறது. பயம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சையின் வேலை. இதயம், தைராய்டு போன்றவற்றில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு, வந்தவரை மாடிப்படி ஏறி இறங்கவோ, ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடவோ சிகிச்சையாளர் சொல்வார். அதே படபடப்பு அங்கேயே வரும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். எந்தப் புத்திமதியும் தராத நம்பிக்கையை அந்தச் சில நிமிடங்கள் தருகின்றன. அதன்பின் அவர் பயந்து ஒதுக்கிவைத்திருந்த பேருந்துப் பயணம், தேர்வுக்கூடம், கடைத்தெரு ஒவ்வொன்றாகத் திரும்பக் கைக்கு வரும். பெரும்பாலும் 20 அமர்வுகளுக்குள் இது முடிந்துவிடும். மருந்து தேவைப்படுவோருக்கு மருந்தும் சேரும்.

வாரம் ஒருமுறை என்றாலும் இத்தனை அமர்வுகளுக்குத் தா.பழூர் வட்டாரத்துக்காரர் எங்கே போவார்? அரியலூர் மாவட்டத்தின் ஆறு ஒன்றியங்களில் ஒன்றான இது கொள்ளிடக் கரையில் இருக்கிறது. இங்குள்ளவர்கள் அவசரத்துக்கு ஜெயங்கொண்டத்துக்கோ, மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணத்துக்கோதான் ஓடுகிறார்கள். மாவட்டத் தலைநகர் அரியலூர் அவற்றைவிடத் தொலைவு. நடவு, களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக் காசும் செலவழித்து, பேசிவிட்டு வருவதற்காக வாராவாரம் போ என்றால் யாரும் தொடர்ந்து போகமாட்டார்கள். இரண்டாவது அமர்வோடு நின்றுவிடுவார்கள். குறை அவர்களுடையது அல்ல.

மனத்துயருக்கு உதவி அருகிலேயே வேண்டும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய பாடமும் அல்ல. பிளஸ் 2 தேர்வில் 1,176 மதிப்பெண் பெற்ற குழுமூர் மாணவி அனிதாவை 2017 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு இழந்தது. 2021இல் மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வையொட்டி இதே மாவட்டத்தில் இன்னொரு மாணவியின் உயிர் போனது. அதன்பிறகுதான், தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை சொல்லும் பணியை 104 மருத்துவ உதவி எண் வழியே அரசு தொடங்கியது. எந்த உயிரிழப்புக்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. நீட் வேண்டுமா என்ற வழக்காடல் தனியே நடக்கட்டும். அது எப்படி முடிந்தாலும், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அருகில் பற்றிக்கொள்ள ஒரு கை தேவை.

பிள்ளைகளுக்கு மட்டுமா? கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து, ஈரப்பதம் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கும், குழுக்கடன் தவணை நாளுக்கு முதல்நாள் இரவு தூங்காத பெண்ணுக்கும் மனம் பதறத்தான் செய்யும். அவர்களின் கடனைச் சிகிச்சை அடைக்காது. கடனுக்கும் கொள்முதலுக்கும் அரசு வேறு வழியில் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பல கவலைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது, இந்த வாரம் செய்யக்கூடியது எது என்று ஒன்றைப் பிரித்தெடுத்துச் செய்யவைக்கும் சிகிச்சை முறை உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரச் சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அதைப் பாட்டிமார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மரப்பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் அளித்த சிகிச்சையால் நோய்க்குறிகள் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கோவாவில் சங்கத் அமைப்பு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு மனச்சோர்வுக்கு இதுபோன்ற பலனைக் கண்டது.

தமிழ்நாட்டிடம் இதற்கான ஆள்பலம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் முடங்கிக் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைக்கும் கண்ணிதான் இல்லை. தா.பழூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் குறித்த நாட்களில் அமரும் ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும். தன்னார்வலர்கள் கண்டறிந்து அனுப்ப, அவர் சிகிச்சை தர, கல்லூரியின் மனநலத் துறை மேற்பார்வையிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்போரை அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்ப்பதும் இந்த ஏற்பாட்டில் அடங்க வேண்டும். தன்னார்வலர்களுக்கு இது கூடுதல் சுமை. ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இதை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

14416 என்ற மனநல உதவி எண் போதாதா என்று கேட்கலாம். 2022 முதல் இயங்கும் அந்தச் சேவை நெருக்கடி நேரத்தில் மிகவும் பயன்படும்; தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில், அப்பாவின் போனில் பிள்ளை மனம்விட்டுப் பேச முடியாது. தொடர்ச்சியான சிகிச்சைக்கு ஓர் அறையும், கதவும், அடுத்த வாரமும் இருக்கும் அதே முகமும் வேண்டும்.

அரசின் மனநலச் சேவையைப் பெறுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொருவரின் உரிமை. அந்தச் சேவை கட்டுப்படியாகும் செலவில், எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. பிளஸ் 2, நீட் முடிவுகள் வெளியாகும் கோடைக்கு முன்பே தா.பழூரில் முதல் ஆலோசகர் அமர்ந்திருக்கும்படி மாவட்ட நிர்வாகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஆணை பிறப்பிக்க வேண்டும்.