கால்வாய் வெட்டியவன் யார்?

1825ம் வருஷம் நவம்பர் மாதம் 4ந் தேதி நியூயார்க் துறைமுகத்தில் ஒரு சடங்கு நடந்தது. கவர்னர் டிவிட் கிளிண்டன், ஈரி ஏரியிலிருந்து பீப்பாயில் கொண்டு வந்த தண்ணீரைக் கடலில் கொட்டினார். இதற்குத் "தண்ணீர்க் கல்யாணம்" என்று பெயர். தண்ணீர் கொட்டினவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மண் கொட்டினவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம்.

ஆல்பனி முதல் பஃபலோ வரை 363 மைல். 40 அடி அகலம். 4 அடி ஆழம். படகை மேட்டில் ஏற்றி இறக்கும் மதகுகள் 83. இவ்வளவும் 1817 முதல் எட்டு வருஷத்தில் மண்வெட்டியாலும், வெடிமருந்தாலும், மாடு குதிரைகளின் உதவியாலும் செய்யப்பட்டவை. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன்னுக்குச் சுமார் 100 டாலராயிருந்த சரக்குக் கட்டணம் 10 டாலருக்கும் கீழே இறங்கிற்று. வியாபாரி கொழுத்தான். வெட்டினவனோ 1819ல் மாண்டிசூமா சதுப்பு நிலத்தில் காய்ச்சலில் கிடந்தான். கெட்ட காற்று என்றார்கள். 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவை அறுத்துப் பார்த்து மலேரியாவின் குட்டை உடைத்தார். அவரும் தலைவிதி என்று சும்மாயிருந்திருந்தால் கொசு இன்னமும் தப்பித்துக் கொண்டுதானிருக்கும்!

நிற்க, கால்வாய் திறந்த பிறகு படகை இழுத்தவை கோவேறு கழுதைகள். அவற்றை ஓட்டினவர்கள் சிறு பையன்கள். 6 மணி நேரம் நடை, 6 மணி நேரம் ஓய்வு. இரவென்றும் மழையென்றும் பேதமில்லை. கழுதைக்கும் அதே முறைதான். ஆகவே பையனுக்கும் கழுதைக்கும் ஒரே அந்தஸ்து.

இந்தப் பையன்களைத் திருத்தப் பாதிரிமார் புறப்பட்டார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படகு ஓடக்கூடாதென்று கிளர்ச்சியும் நடந்தது. பையன்கள் கூலியில் மோசம் போவதை எடுத்துச் சொன்ன பாதிரிகளும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஒருநாள் ஓய்வு நல்லதுதான். ஆனால் அது கடவுளின் நாள் என்பதற்காகக் கேட்கப்பட்டதேயன்றி, பையனின் கால் வலிக்கிறது என்பதற்காகவா கேட்கப்பட்டது? மற்ற ஆறு நாளும் அந்தக் கால் யாருடையது?

தோழர்களே! எந்தப் பெரிய வேலையைக் கண்டாலும், அதைத் துவக்கி வைத்தவர் யார் என்று கேளாதீர்கள். வெட்டினவன் யார், அவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேளுங்கள். சடங்குகளுக்குப் பிடிக்காத கேள்வி அது ஒன்றுதான்.