கச்சிபௌலியில் ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம்

கால்பந்து அணி ஒன்று தொடர்ந்து தோற்கத் தொடங்கினால் ரசிகர்கள் முதலில் கேட்பது பயிற்சியாளரின் தலையைத்தான். செகந்திராபாத்தின் இரானி தேநீர்க் கடைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. ஹைதராபாத் எஃப்.சி. அணியின் பயிற்சியாளர் நீடிக்க வேண்டுமா, போக வேண்டுமா என்ற விவாதம் ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அந்த நகரில் சூடுபிடித்தது. 2020 ஜனவரியிலும், 2024 டிசம்பரிலும் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். முதல் நீக்கத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் ஐ.எஸ்.எல். கோப்பை வந்தது. இரண்டாவது நீக்கத்துக்குப் பிறகு பத்தே மாதங்களில் அணியே ஊரை விட்டுப் போய்விட்டது.

நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பற்றி எழுதுபவருக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஹைதராபாத் அணி விளையாடிய கச்சிபௌலி மைதானம் ஒரு மக்களவைத் தலைவரின் பெயரைத் தாங்கியது என்பதை அதற்குப் பதிலாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜி.எம்.சி. பாலயோகி அவைத் தலைவராக இருந்தபோதுதான், 1999 ஏப்ரல் 17 அன்று, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களால் மாற்று அரசை அமைக்க முடியவில்லை. நாடு மறுபடியும் தேர்தலைச் சந்தித்து, அதே வாஜ்பாய் பிரதமரானார். "இவர் போகட்டும்" என்பதில் ஒன்றுபடுவது எளிது. "யார் வரட்டும்" என்பதில்தான் சிக்கல். ஜெர்மனியின் அரசியல் சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது. அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை நீக்க அங்கே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது ஒரே வாக்கெடுப்பில்.

ஹைதராபாதின் முதல் விவாதத்தில் ரசிகர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நிதி நெருக்கடியில் மூடப்பட்ட பூனே சிட்டி அணியின் இடத்தில் 2019இல் பிறந்த அணி அது. இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணியை நிர்வகித்துப் பெயர் பெற்ற ஃபில் பிரவுன் முதல் பயிற்சியாளர். (இங்கிலாந்தில் இவரைப் போன்றவரை மானேஜர் என்பார்கள். நம் ஊர் அணிகளில் மானேஜர் என்றால் ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் பார்ப்பவர். ஆகவே பயிற்சியாளர் என்றே குறிப்பிடுவோம்.) 12 போட்டிகளில் ஒரே வெற்றி. 2020 ஜனவரி தொடக்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 5-1. அடுத்த சில நாள்களில் சொந்த மைதானத்திலேயே சென்னையின் எஃப்.சி.யிடம் 3-1. மறுநாள் பிரவுன் இல்லை.

அணி அந்தப் பருவத்தைக் கடைசி இடத்தில்தான் முடித்தது. அடுத்த பருவம் முதல் பொறுப்பேற்பார் என்று அறிவிக்கப்பட்ட ஆல்பர்ட் ரோகா, ஒரு போட்டிக்கும் தலைமை தாங்குமுன்னரே, பார்சிலோனா அழைத்ததும் 2020 ஆகஸ்டில் போய்விட்டார். அவசரத்தில் அமர்த்தப்பட்டவர்தான் மனோலோ மார்க்கெஸ். ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் போன்ற இளைஞர்களுக்குத் தொடர்ந்து வாய்ப்புத் தந்தார். 2021-22 பருவத்தில் நைஜீரிய வீரர் ஒக்பெச்சே 18 கோல்கள் அடித்தார். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில், பெனால்டி உதைகளில் மூன்றைக் காப்பாளர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி தடுக்க, ஹைதராபாத் வாகை சூடியது. அடுத்த பருவத்திலும் புள்ளிப்பட்டியலில் இரண்டாமிடம். பயிற்சியாளரை மாற்றியதன் பலன் இது என்று ரசிகர்கள் முடிவு செய்ததில் வியப்பில்லை. ஆனால் பயிற்சியாளரோடு வீரர்களும் மாறினார்கள், அவர்களுக்கான ஒப்பந்தங்களும் போடப்பட்டன என்பது அந்த முடிவில் விடுபட்டுப் போயிற்று.

2023இல் மனோலோ கோவாவுக்குப் போன பிறகு நடந்தது இதற்கு நேர்மாறான கதை. வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. நிலுவைத் தொகைக்காகப் புதிய வீரர்களைச் சேர்க்க ஃபிஃபா தடை விதித்தது. வெளிநாட்டு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். அனுபவமுள்ள இந்திய வீரர்களும் வேறு அணிகளுக்குப் போனார்கள். எஞ்சிய இளைஞர்களை வைத்துக்கொண்டு தங்பாய் சிங்டோ 2023-24 பருவத்தை ஓட்டினார். 22 போட்டிகளில் 8 புள்ளிகள். பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு வெற்றி. அதையும் சென்னை அணிதான், சென்னையிலேயே, தானம் செய்தது.

இந்த நிலையில் "சிங்டோ போக வேண்டுமா" என்று விவாதிப்பது, கஜானா காலியாக இருக்கும்போது வேளாண் துறைச் செயலாளரை மாற்றினால் வறட்சி தீருமா என்று கேட்பதைப் போன்றது. ஆயினும் அந்த விவாதம் நடந்தது. ஏன் நடந்தது என்பது ஆராயத்தக்கது. மைதானத்தின் ஓரத்தில் 90 நிமிடமும் கண்ணில் படுபவர் பயிற்சியாளர் ஒருவரே. தோல்விக்குப் பின் செய்தியாளர் முன் அமர்ந்து பதில் சொல்பவரும் அவரே. காசோலையில் கையெழுத்திட வேண்டியவர் அந்த அறைக்குள் வருவதில்லை. 2024 டிசம்பரில் சிங்டோ நீக்கப்பட்டார். உதவியாளராக இருந்த ஷமீல் செம்பகத் இடைக்காலப் பொறுப்பேற்றார். பருவம் முடிந்தபோது 13 அணிகளில் 12ஆவது இடம். 2025 அக்டோபரில், பி.சி. ஜிண்டால் குழுமத்தின் கைக்கு மாறிய அணி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற புதுப் பெயருடன் தலைநகருக்கு இடம்பெயர்ந்தது.

பிரவுனை நீக்கியது சரி. சிங்டோவை நீக்கியது பலிகடா தேடியது. நமது கருத்து இதுதான்.

தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் ஹைதராபாதுக்குப் புதிதன்று. பள்ளி ஆசிரியராக இருந்து ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீமை அந்த ஊரின் முதியவர்கள் இன்றும் "ரஹீம் சாப்" என்றே குறிப்பிடுவார்கள். அவரது காவல் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951இல் முதலாவது ஆசியப் போட்டியில் தங்கம் வென்று, அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கியது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இன்றைய காலமாக இருந்தால் விமான நிலையத்திலேயே ரஹீமின் கதை முடிந்திருக்கும்.

முடியவில்லை. தோற்றதற்கான காரணம் காலணி, உடல்வலு, ஆட்டமுறை என்று பிரித்துப் பார்க்கப்பட்டது. காலணி கட்டாயமாக்கப்பட்டது. இடையில் வேறு பெயர்கள் வந்து போனாலும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றவர் ரஹீம்தான். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம்; நெவில் டிசௌசா மூன்று கோல் அடித்தார். நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் இன்றுவரை ஏறியதில்லை.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்ற அணியில் கோல் காப்பாளராக நின்றவர் செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் சங்கங்களில் ஆடத் தொடங்கிய பீட்டர் தங்கராஜ். தொடக்கத்தில் அவர் முன்கள ஆட்டக்காரர். ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடியபோது கோல் காப்பாளரானார். அந்த அணி 1955, 1958 ஆண்டுகளில் டூராண்ட் கோப்பையை வென்றது. கண்டோன்மெண்ட் ஊரின் சிறு சங்கங்களிலிருந்து ஆசியாவின் தலைசிறந்த காப்பாளர் உருவான காலம் அது. ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தலையில் தையலுடன் இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் இறக்கினார் ரஹீம். ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்த ரஹீம் 1963 ஜூனில் காலமானார்.

ரஹீமுக்குக் கிடைத்த அவகாசம் இன்றைய தேசிய அணியில் எவருக்கும் கிடைப்பதில்லை. 2019இல் பொறுப்பேற்ற இகோர் ஸ்டிமாக், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்கு அணி முன்னேறாததால் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கியதற்காக அவருக்கு 4 லட்சம் டாலர் தர அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒப்புக்கொண்டது. அடுத்து வந்தவர் ஹைதராபாதுக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே மனோலோ. 8 போட்டிகளில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2025 ஜூலையில் அவரும் விலகினார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இழந்தோம். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பயிற்சியாளர்கள், பலன் ஒன்றே. ஹைதராபாதில் மந்திரவாதியாகத் தெரிந்த மனோலோ இந்திய அணியில் திறமையை இழந்துவிட்டாரா? கையில் கிடைத்த வீரர்களும், பயிற்சிக்குக் கிடைத்த நாள்களும் வேறு என்பதுதான் விடை.

இந்த விஷயத்தில் பார்சிலோனா சங்கத்தின் நடைமுறை நமக்குப் பாடமாகும். அந்தச் சங்கத்தின் உரிமையாளர்கள் அதன் உறுப்பினர்களே. 2020இல் அணி சரிந்தபோது அவர்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். பயிற்சியாளருக்கு எதிராக இல்லை, சங்கத் தலைவர் பார்த்தோமியூவுக்கு எதிராக. 20 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன்னரே, 2020 அக்டோபரில், அவர் பதவி விலகினார். ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அணியை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கெல்லாம் அணி ஒரே இரவில் வேறு ஊருக்குப் பெயர்ந்துவிட முடியாது.

நம் நாட்டில் முடியும். 2019இல் பூனே இழந்ததை ஹைதராபாத் பெற்றது. அதே ஆண்டில் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. ஆறு ஆண்டுகள் கழித்து ஹைதராபாத் இழந்ததை டெல்லி பெற்றிருக்கிறது. எந்த ஊரிலும் ரசிகர்களை யாரும் ஒரு வார்த்தை கலந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கவில்லை.

பணம் போடுபவர் உரிமையாளர், இழப்பும் அவருடையது, ரசிகருக்கு இதில் என்ன பாத்தியதை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஐ.எஸ்.எல். அணிகள் லாபத்தில் ஓடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அணி தன் பெயராகச் சூட்டிக்கொண்டது ஊரின் பெயரை. ஆடியது அரசுப் பணத்தில் கட்டப்பட்ட மைதானத்தில். இவ்விரண்டையும் பயன்படுத்திக்கொள்ளும் தனியார் நிறுவனம் ஊருக்குக் கொஞ்சமாவது கணக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியன்று.

2025 ஆகஸ்டில் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அடுத்தடுத்த நாள்களில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் வேறொரு பிரச்சினைக்காக அமளியில் இருந்த கூட்டத்தொடர் அது. விரிவான விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. சம்மேளனங்களைக் கண்காணிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளுக்குத் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடம் என்று வரவேற்கத்தக்க அம்சங்கள் அதில் உள்ளன. ரசிகர் என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே வேலையில்லை. தனியார் அணிகள் பருவத் தொடக்கத்திலேயே வீரர்களின் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், ஊர் மாறுவதற்கு முன் ஓராண்டு அறிவிப்புத் தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை அணிகளுக்கான உரிமத்தில் சேர்க்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. சம்மேளனம் மனம் வைத்தால் போதும். வாரியம் இதை வலியுறுத்துமா என்று அடுத்த கூட்டத்தொடரில் துறை அமைச்சரிடம் கேட்கத் தெலங்கானா உறுப்பினர்களுக்குக் காரணமிருக்கிறது. பூனே, டெல்லி உறுப்பினர்களுக்கும் இருக்கிறது.

ஹைதராபாதில் ஸ்ரீநிதி டெக்கான் என்று இன்னோர் அணியும் உண்டு. 2022-23, 2023-24 பருவங்களில் ஐ-லீக்கில் இரண்டாமிடம் பிடித்த அணி. செகந்திராபாத் ரசிகர்களில் சிலர் அதன் பக்கம் போய்விட்டார்கள். சிலர் எந்தப் பக்கமும் போகவில்லை. தலைநகரில் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி நான்கைந்து போட்டிகளில் தொடர்ந்து தோற்கும் நாள் வரும்போது, இங்குள்ள ரசிகர்களும் பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் குரல் எழுப்புவார்கள். வீரர்களுக்குக் கடந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று அவர்கள் முதலில் விசாரிப்பது நல்லது.