“அப்பா வரலையா?”

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன வருஷம் ஒரு நைட் டூட்டி. மணி பதினொன்றரை இருக்கும். ஏழு வயசு பெண் குழந்தை. வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல். வயித்துல கை வச்சதுமே குடல்வால் அழற்சி, அதாவது நாம சொல்ற அப்பெண்டிக்ஸ்னு தோணுச்சு. ஸ்கேனும் அதையே சொன்னது. சர்ஜனுக்கு போன் போட்டாச்சு. தியேட்டர் ரெடியாகுது. கன்சென்ட் வாங்குறது என் வேலை.

குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னவங்ககிட்ட கேட்டேன்.

“அப்பா வரலையா? வரச்சொல்லுங்க, கையெழுத்து போடணும்.”

ஒரு நொடி என்னையே பார்த்தாங்க. “நான் போட்டா செல்லாதா சார்?”

செல்லும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் “வீட்டுல வேற பெரியவங்க யாராவது இருந்தா நல்லது”ன்னு வாயில வந்துடுச்சு. அவங்க துறையூர்ல இருக்கிற அண்ணனுக்கு போன் அடிச்சாங்க. எடுக்கல. மறுபடி அடிச்சாங்க. இருபது நிமிஷம் போயிடுச்சு. கடைசியில சிஸ்டர்தான் வந்து, “சார், அம்மாதானே தூக்கிட்டு வந்திருக்காங்க, அம்மாவே போடட்டும்”னு பேனாவை அவங்க கையில கொடுத்தாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா அந்த இருபது நிமிஷம் வீணானதுக்கு நான் மட்டும்தான் காரணம். அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம்.

18 வயசுக்குக் கீழ உள்ள குழந்தையோட சிகிச்சைக்கு அம்மா, அப்பா, பாதுகாவலர், இதுல யாராவது ஒருத்தர் சம்மதம் போதும். யாருமே இல்லாத அவசர நிலையிலும் உயிர்காக்கும் சிகிச்சையை டாக்டர் தொடங்கலாம்.

1956 இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்துல “தந்தை, அவருக்குப் பின் தாய்”னு ஒரு வரி இருக்கு. “பின்”னா அப்பா இறந்த பிறகுதான்னு ரொம்ப நாளா எடுத்துக்கிட்டு இருந்தாங்க. 1999-ல கீதா ஹரிஹரன் வழக்குல உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்துச்சு. அப்பா உயிரோட இருந்தும் குழந்தையைக் கவனிக்கலைன்னா, அம்மாதான் பாதுகாவலர். 2015-ல இன்னொரு தீர்ப்பு. திருமணம் ஆகாத தாய், அப்பா யாருன்னு சொல்லாமலே சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம். 2016 டிசம்பர்லேருந்து பாஸ்போர்ட்டுக்கு அம்மா, அப்பா யாராவது ஒருத்தர் பேர் போதும். 2018 டிசம்பர்லேருந்து, அம்மா மட்டுமே பெற்றோரா இருந்தா பான் கார்டுக்கும் அப்பா பேர் கட்டாயமில்லை.

நம்ம திருச்சியிலேயே ஒரு வழக்கு நடந்துச்சு, பலருக்குத் தெரியாது.

2017-ல இங்க ஒரு பெண் குழந்தை பிறந்துச்சு. அம்மா விவாகரத்தானவங்க. தானமா வாங்கின விந்தணு மூலம் கருவூட்டல் சிகிச்சை எடுத்து அந்தக் குழந்தையைப் பெத்தாங்க. ஆனா பிறப்புச் சான்றிதழ்ல, சிகிச்சைக்கு உதவியா இருந்த ஒருத்தர் பேரை அப்பான்னு போட்டுட்டாங்க. அதை எடுத்துடுங்கன்னு கேட்டாங்க. எழுத்துப் பிழைன்னா திருத்தலாம், பேரையே நீக்க முடியாதுன்னு மாநகராட்சியில சொல்லிட்டாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க. ஆர்.டி.ஓ.கிட்ட போகச் சொன்னாங்க. ஆர்.டி.ஓ. எனக்கு அந்த அதிகாரம் இல்லைன்னுட்டார். மறுபடி கோர்ட். 2018-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி எம்.எஸ்.ரமேஷ், அந்தப் பேரை நீக்கிட்டு அப்பா பேர் இடத்தைக் காலியா விடச் சொல்லி உத்தரவு போட்டார்.

ஒரு கட்டத்தைக் காலியா விடுறதுக்கு ஒரு அம்மா ரெண்டு தடவை கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. சட்டம் வந்து சேர்ந்துடுச்சு. நம்ம வாய்தான் இன்னும் பழைய ஃபார்ம்லயே நிக்குது.

சரி, அந்த அக்காவுக்கு வருவோம். ரவுண்ட்ஸ் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா பேசினாங்க.

ஸ்ரீரங்கத்துல ஒத்தை ரூம் வாடகை வீடு. காலையில அஞ்சு மணிக்கு தண்ணி பிடிக்கணும். பாப்பா அரசுப் பள்ளியில ரெண்டாவது படிக்குது. காலை உணவு அங்கயே கிடைக்குது. அது வந்த பிறகுதான் காலையில ஒரு அரை மணி நேரம் மூச்சு விட முடியுதுன்னாங்க. அப்புறம் ஒண்ணாம் நம்பர் பஸ். கட்டணமில்லாத பஸ்ஸா பார்த்து ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, மெயின்கார்டு கேட்ல இறங்கி, என்.எஸ்.பி. ரோட்டுல ஒரு ஜவுளிக்கடை. நாள் முழுக்க நின்னே வேலை. கடைகள்ல உட்கார இடம் கொடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டத்திருத்தமே வந்துச்சு. ஸ்டூல் இருக்காம், உட்கார நேரம்தான் இல்லையாம்.

இது வேலை. இதுக்கு அவங்க அலுத்துக்கவே இல்லை. அலுத்துக்கிட்டது கேள்விகளுக்குத்தான்.

வீட்டு ஓனரம்மா: “வீட்டுக்காரர் எப்ப வருவார்?”

பள்ளிக்கூடத்துல: “ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா.”

சொந்தக்காரங்க: “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?”

ஆஸ்பத்திரியில நான்: “அப்பா வரலையா?”

அவங்க வீட்டுக்காரர் இறக்கல. விவாகரத்தும் ஆகல. நாலு வருஷமா வர்றதில்லை, அவ்வளவுதான். கழுத்துல தாலி இருக்கு, ரேஷன் கார்டுல பேர் இருக்கு, ஆள் இல்லை. விதவைன்னா ஒரு பரிதாபமாவது காட்டுவோம். இவங்களுக்கு அதுவும் கிடையாது, சந்தேகம்தான் கிடைக்கும். எங்க ஓ.பி.யில இப்படிப்பட்ட அம்மாக்கள் நிறைய பேர் வர்றாங்க.

மூணாவது நாள், குழந்தை பெட் பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க எழுந்திருக்கும்போது தடுமாறினாங்க. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகை. 8-க்குக் கீழன்னா தீவிர ரத்தசோகை. பல மாசமா அதிக உதிரப்போக்கு இருந்திருக்கு. காலைச் சாப்பாடு ஒரு டீயோட முடிஞ்சிடும். படி ஏறினா மூச்சு வாங்குது, அசதின்னு நினைச்சுட்டாங்க.

“உங்களையும் அட்மிட் பண்ணணும்”னேன்.

“என்கூட யாரு சார் இருப்பா? இவகூட யாரு இருப்பா?”

அரசு மருத்துவமனையில ஒருநாளாவது இருந்தவங்களுக்கு இந்தக் கேள்வியோட கனம் தெரியும். கூட அட்டெண்டர் இல்லாம இங்க ஒரு நாள் ஓட்டுறது கஷ்டம். சிங்கிள் மதருக்கு நோய் வந்தா முதல் பிரச்சினை மருந்து இல்லை, ரெண்டாவது ஆள் இல்லாததுதான். அதனாலதான் அவங்க தன் உடம்பைக் காட்டுறதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே போறாங்க.

அன்னைக்கு பக்கத்து பெட்ல பேரனுக்குத் துணையா இருந்த மணப்பாறை பாட்டி எங்க பேச்சைக் கேட்டுட்டு, “நீ போய் ஊசி போட்டுக்க ஆத்தா, பிள்ளைய நான் பாத்துக்குறேன்”னுச்சு. குழந்தை டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அதே நிலைமைதான். அம்மா இரும்புச்சத்து ஊசி ஏத்திக்கிட்டு வர்ற நேரமெல்லாம், பாட்டி ரெண்டு பிள்ளைங்களுக்கும் கதை சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

நம்ம ஊர் மலைக்கோட்டையில இருக்கிற சாமி பேரு தாயுமானவர். கதை உங்களுக்குத் தெரியும். ரத்தினாவதிக்குப் பிரசவ வலி. காவிரியில வெள்ளம், அம்மா அக்கரையில மாட்டிக்கிட்டாங்க. சிவனே அம்மா உருவத்துல வந்து பிரசவம் பார்த்தார்னு தல புராணம். எங்க பாஷையில சொன்னா அவர்தான் இந்த ஊரோட முதல் அட்டெண்டர். வந்தவர் “உன் வீட்டுக்காரர் எங்க?”ன்னு கேட்டதா எந்தக் கதையிலயும் இல்லை.

“அப்போ அப்பாவே வேண்டாம்ங்கிறீங்களா டாக்டர்?”னு கமெண்ட் வரும். இல்லைங்க. பொறுப்பா இருக்கிற அப்பா குழந்தைக்குப் பெரிய பலம். நானும் ஒரு அப்பாதான். இல்லாதவரைத் தேடச்சொல்லி, இருக்கிறவங்களைக் குத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

நம்மளால என்ன பண்ண முடியும்?

1. டாக்டர், நர்ஸ், டீச்சர், ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாரும் “அப்பா எங்க?”ன்னு கேக்குறதுக்குப் பதிலா “குழந்தையைப் பார்த்துக்கிறது யாரு?”ன்னு கேளுங்க. நமக்கு வேண்டிய தகவல் அதுலயே கிடைச்சிடும்.

2. பக்கத்து வீட்டுல இப்படி ஒரு அம்மா இருந்தா, அறிவுரையை விட்டுட்டு ரெண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கங்க. அவங்க ஓ.பி.க்கு வந்துட்டுப் போகட்டும்.

3. தனியா பிள்ளை வளர்க்கிற அக்கா, தங்கச்சிகளே, அசதி, மூச்சு வாங்குறது, அதிக உதிரப்போக்கு இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க. இலவசம்தான். சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேராது.

4. சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டமே சொல்லுது. ஆபத்துன்னா 181. கணவரால் கைவிடப்பட்டவர் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம்.

அந்த அக்கா ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தாங்க. ஹீமோகுளோபின் 11.2. ஓ.பி. சீட்டுல குழந்தை பேருக்குக் கீழ பெற்றோர்னு போட்டு, அவங்க பேரை நானே எழுதினேன். பாப்பா எட்டிப் பார்த்துட்டு, “அம்மா பேரு கரெக்டா எழுதிட்டீங்க சார்”னு சொல்லுச்சு.